உலை ஆறும் முன்

"திரும்பவும் இணைப்புலயே விட்டுப்போச்சும்மா," என்றார் சடையப்பன்.

இரண்டு பீங்கான் குழாய்களுக்கு நடுவில் கண்ணாடிப் பொடியைக் குழைத்துப் பூசி உலையில் வைப்பார்கள். சூட்டில் கண்ணாடி உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதைக் கற்கத்தான் அவர் மங்கையிடம் வந்திருந்தார்.

குரு அவரைவிட வயதில் சின்னவள். ஊரில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மங்கை உடைந்த குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்போ திறந்தீங்க?"

தீயை அணைத்த கொஞ்ச நேரத்தில், என்றார். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். நன்றாகத்தான் ஒட்டியிருந்ததாம். சூடு ஆறாத உலைக்குள் வெளிக்காற்று போனதும் மெதுவாக ஒரு விரிசல் சத்தம் கேட்டதாம்.

அவள் திட்டவில்லை. வேறு இரண்டு குழாய்களை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பூசினார். உலையில் வைத்தார். கண்ணாடி உருகும்வரை எரியவிட்டு, தீயை அணைத்தார்.

அப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி சொர்ணவல்லி இன்றைக்குத் திரும்பி வருகிறாள். முன்பும் இப்படித்தான் போனாள், வந்தாள், மறுபடி போனாள். இனியும் வந்தால் அவளைத் திரும்ப அனுப்ப மாட்டோம் என்று மச்சான் சொல்லிவிட்டான்.

"போயிட்டு வாங்க. மடியில என்ன முடிஞ்சிருக்கீங்க?"

அவிழ்த்துக் காட்டினார். சூடம்.

"எதுக்கு?"

வாசலிலேயே சூடத்தை ஏற்றி, அவள் கையாலேயே அணைக்கச் சொல்லி, இனிமேல் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்க வேண்டும். போன தடவை வந்தபோதும் வந்த கையோடு வாங்கினாராம்.

"அப்பத்தானேம்மா மனசு நிக்கும்."

"யாரு மனசு?"

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மங்கை உலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உலைக் கதவுல கை வைங்க."

வைத்தார். சுட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள ஒட்டியிருக்கா?"

"இப்போ தெரியாதும்மா."

"திறந்து பாத்துருவமா?"

"வேண்டாம்மா." வேகமாகச் சொன்னார்.

"அப்ப, சூடத்தை இங்கயே வச்சுட்டு, தெரியாமலே வீட்டுக்குப் போங்க," என்றாள் மங்கை.