சீல் உடைக்காத காற்றடிக்கும் மிஷின்

ஏரி நடுவே ஒரு மண்திட்டு. திட்டில் ஒரு முயல், அதன் பெண்டாட்டி, பிறந்து பத்தே நாளான மூன்று குட்டிகள். ஏரிக்குள் ஒரு முதலை.

வெயில் காலத்தில் திட்டிலிருந்து கரைக்கு வரப்பு மாதிரி ஒரு பாதை தெரியும். மழை வலுத்தால் பாதை மூழ்கும். கொஞ்ச நாளில் திட்டே மூழ்கும். அதற்குள் கரையேற வேண்டும். அதற்காக ஒரு பழைய லாரி டியூப் வைத்திருந்தார்கள். அதில் காற்று இல்லை.

கரையில் ஒரு மருதமரப் பொந்து. அதில் மரநாய் கடை நடத்தியது. ஆண் முயல் அங்கே போனது.

"அண்ணாச்சி, டியூபுக்குக் காத்தடிக்க ஏதாவது இருக்கா?"

"இருக்காவா! இந்தா, கையடக்க மிஷின்! பொத்தானை அமுக்கு. எண்ணி அஞ்சு நிமிஷம். டியூப் கல்லு மாதிரி ஆயிரும்!"

பெட்டியின் மேல் ஒரு படம். உப்பிய டியூபில் யானை உட்கார்ந்து சிரித்தது.

"வேலை செய்யலேன்னா?"

"ஏழு நாளைக்குள்ள கொண்டா, திருப்பி எடுத்துக்கறேன். ஆனா சீல் உடையக் கூடாது. பெட்டி கசங்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்த கிழங்கு முழுவதையும் கொடுத்து முயல் அதை வாங்கி வந்தது.

"பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்" என்றது பெண்டாட்டி.

"பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டாராம் புள்ள!"

"பிரிக்காம அது ஓடுமா ஓடாதான்னு எப்படித் தெரியும்?"

முயல் பெட்டியை உலர்ந்த புல்லில் வைத்தது. குட்டிகள் பக்கத்தில் போனால்கூட அதட்டியது.

மழை பிடித்துக்கொண்டது. மிஷின் வாங்கிய நாலாம் நாள் திட்டிலிருந்த எலிகள் எல்லாம் வரிசையாகக் கரைக்குப் போயின. "நீங்க வரலையா?" என்று கேட்டன.

"எங்ககிட்ட மிஷின் இருக்கு!" என்றது முயல்.

எட்டாம் நாள் காலையில் தண்ணீர் வளைக்குள் வந்தது. பாதைமேல் வயிற்றளவு தண்ணீர்; மூன்று குட்டிகளையும் ஒரே நடையில் கவ்விக்கொண்டு போக முடியாது. குட்டிகள் நனைந்து நடுங்கின. முயல் பல்லால் சீலைக் கிழித்தது. டியூபில் மாட்டியது. பொத்தானை அமுக்கியது.

"ட்ர்ர்ர்ர்... ட்ர்... ட்..."

அவ்வளவுதான். டியூப் அசையவில்லை. திரும்ப அமுக்கியது. சத்தமே இல்லை.

"ஏங்க!" என்று அலறியது பெண்டாட்டி. தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. முதலை வந்துவிட்டது.

"குட்டிகளைத் தூக்கிக்கிட்டு உச்சிக்கு ஏறு! இதோ மாத்திக்கிட்டு வரேன்!"

மிஷினைக் கவ்விக்கொண்டு முயல் தண்ணீருக்குள் ஓடியது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். கடைக்குள் விழுந்து மூச்சிரைத்தது.

"அண்ணாச்சி! ஓடலை! வேற கொடுங்க! என் குட்டிங்க தண்ணியில கிடக்குது!"

மரநாய் மிஷினைத் தொடக்கூட இல்லை. "இன்னைக்கு எட்டாவது நாள்."

"நேத்து வரைக்கும் தேவைப்படலையே!"

"சீல் வேற உடைஞ்சிருக்கு."

"உடைக்காம எப்படி ஓட்டறது?"

"அது உன் பாடு தம்பி. வேணும்னா பழுது பார்க்க அனுப்பறேன். இருபது நாள் ஆகும்."

"இருபது நாளா! பொழுது சாயறதுக்குள்ள திட்டே இருக்காதுய்யா!"

மரநாய் வாலை நக்கிக்கொண்டது. முயல் அலமாரியில் பாய்ந்தது. ஒரு பெட்டியைக் கிழித்து மிஷினை எடுத்து அமுக்கியது. "ட்ர்ர்... ட்..." நின்றது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஆறு பெட்டி. ஆறும் செத்த மிஷின்.

"நீ ஒண்ணையாவது ஓட்டிப் பார்த்தியா?"

"நான் எப்படிப் பார்ப்பேன்? சீல் உடைஞ்சா எனக்குச் சரக்கு தர்ற மொத்தக் கடைக் கழுதைப்புலி திருப்பி எடுக்க மாட்டானே! ஐயோ, ஆறையும் உடைச்சிட்டியே!"

அதற்குள் ஏரி கடைக்குள் நுழைந்தது. மரநாய் ஒரே தாவில் மரமேறிக்கொண்டது. மிஷின்கள் மூழ்கின. பெட்டிகளில் இருந்த தெர்மாகோல் மட்டும் மிதந்தது.

முயல் பார்த்தது. தெர்மாகோல் துண்டுகளைப் பொறுக்கி, பெட்டி கட்டியிருந்த பட்டையால் சேர்த்து இறுக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலால் தண்ணீரை உதைத்தது.

திட்டில் ஒரு முழ இடம்தான் மிச்சம். அதில் பெண்டாட்டி. அதன் வயிற்றடியில் குட்டிகள். முதலை சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு அவசரமில்லை.

குட்டிகளைத் தெர்மாகோல் மேலே போட்டார்கள். இரண்டு பேரும் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள். காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாது. எங்கே வாய் இருக்கிறது என்றும் தெரியாது.

"உதைங்க!"

"உதைக்கிறேன்!"

"பின்னால வருதுங்க!"

"பார்க்காதே!"

பாதி வழியில் முதலை பாய்ந்தது. ஒரு மூலை போயிற்று. குட்டி ஒன்று சறுக்கியது. ஆத்தா அதன் காதைக் கவ்வி இழுத்தது. முதலையின் வாய் நிறைய வெள்ளை உருண்டைகள். பல்லிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டன. "தூ! தூ!" என்று துப்பியது. அது துப்பி முடிப்பதற்குள் முயல்கள் கரை தொட்டுவிட்டன.

பெண்டாட்டி குட்டிகளை எண்ணியது. மூன்று. மறுபடியும் எண்ணியது. மூன்று.

மரத்தின் மேலிருந்து மரநாய் கத்தியது. "அந்தத் தெர்மாகோலைப் பத்திரமா வையுங்க! அது இல்லாம ஒரு மிஷினையும் கழுதைப்புலி எடுக்க மாட்டான்!"

பெண் முயல் நிமிர்ந்து பார்த்தது. "ஒரு துண்டு முதலை வாயில இருக்கு அண்ணாச்சி! இறங்கிப் போய் வாங்கிக்குங்க!"

உயிர் காக்கும் என்று நம்பி வாங்கும் பொருளை ஆபத்து வருமுன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே கூடாது.