நாற்பதாவது கட்டம்

ஒரு சின்னக் கட்டம். அதற்குள் சுழி போடுவதா, ஒன்று போடுவதா என்பதுதான் வழக்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒருத்தியின் ஐந்து வருடம் அந்தக் கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஜெனிட்டா குழந்தை வளர்ச்சி உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். தனக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு எந்த வயதில் புரிகிறது? அதுதான் அவள் ஆராய்ச்சி. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பிள்ளைகளின் தாள்களைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் போச்சு.

சோதனை எளிது. வள்ளி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகும். பொன்னி என்ற பொம்மை அதை எடுத்து டப்பாவுக்குள் மாற்றிவிடும். வள்ளி திரும்பி வந்து எங்கே தேடும்? கூடையில் என்றால் ஒரு மதிப்பெண். டப்பாவில் என்றால் சுழி. குழந்தையைத் தனி அறையில் வைத்துக் கேட்க வேண்டும் என்று சோதனைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வரிக்கு நேரே ஜெனிட்டா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

அனுமதி கிடைத்தது திருநெல்வேலிப் பக்கம் இரண்டு அங்கன்வாடிகளில். முதல் நாள் நெறியாளர் தணிகாசலமும் வந்தார். முழங்கால் மோவாயில் இடிக்க, பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இருக்கிறது ஒத்த ரூமு சார். சோறு பொங்குறதும் இதுக்குள்ளதான். அந்த இன்னொரு சென்டரும் இப்படித்தான்," என்றார் டீச்சர் பேச்சித்தாய்.

"நல்லது, நல்லது," என்று சார் தலையாட்டினார். சாரே அதை ஒரு குறையாகச் சொல்லாததால், பரவாயில்லை போலிருக்கிறது என்று ஜெனிட்டாவும் கையேட்டை மூடி வைத்தாள்.

உடன் படிக்கும் ரஹ்மத் தினமும் துணைக்கு வந்தாள். ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது மற்றவை கத்தாதபடி, வாயில் விரலை வைத்து அடக்குவது அவள் வேலை. இப்படி முப்பத்தொன்பது பிள்ளைகள் முடிந்தன. நாற்பதாவது இசக்கியம்மாள். வயது நாலரை.

"வள்ளி வந்து கோலிக்குண்ட எங்க தேடும்?"

"டப்பாவுல."

ஜெனிட்டாவுக்குச் சலிப்பாக வந்தது. "ஏன் டப்பாவுல?"

இசக்கி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நாங்க இத்தன பேரு பாத்துக்கிட்டுல்லா இருக்கோம்? அது வந்த ஒடனே சொல்ல மாட்டோமாக்கும்?"

பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், "சொல்லிருவோம்!" என்றன.

"வாயப் பாரு வாய," என்று முட்டை உரித்துக்கொண்டே சிரித்தார் பேச்சித்தாய்.

ஜெனிட்டா நெறியாளருக்கு போன் போட்டாள். "ஏன்னு கேக்கச் சொல்லி கையேட்டுல எங்க இருக்கும்மா? டப்பான்னா சுழி. போட்டுட்டு வா," என்று வைத்துவிட்டார்.

ரஹ்மத் விடவில்லை. "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு நம்மள விட வெவரம் இருக்கு. அதுக்கா சுழி? ஒண்ணு போடு."

ஜெனிட்டா இருவர் பேச்சையும் கேட்கவில்லை. இசக்கியைத் திரும்ப உட்கார வைத்தாள். "வள்ளிகிட்ட யாருமே சொல்லல. இப்ப எங்க தேடும்?"

"சொல்லலன்னா கூடையிலதான். பாவம்லா வள்ளி."

ஜெனிட்டா கட்டத்துக்குள் ஒன்று என்று எழுதினாள். மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் கேட்காத கேள்வி அது.

சார் விதியைப் பிடித்துக்கொண்டார். ரஹ்மத் குழந்தையின் புத்தியைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிட்டா இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி? முதலிலிருந்து ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

விடை: மூன்று பேர் செய்ததும் சரியில்லை. நாற்பதாவது கட்டத்தில் நின்று வழக்காடுகிறார்கள். பிழையோ முதல் கட்டத்திலேயே விழுந்துவிட்டது. தனி அறையில் கேட்க வேண்டியதைக் கூட்டத்துக்கு நடுவே கேட்டார்கள். முந்தின பிள்ளை சொன்னதைப் பிந்தின பிள்ளையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நாற்பது தாளும் செல்லாது. அந்த அறையில் நடந்ததை நடந்தபடி சொன்னவள் இசக்கி ஒருத்திதான். ஒற்றை அறை என்பது சாருக்கு முதல் நாளே தெரியும், ரஹ்மத்துக்குத் தினமும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று நாலரை வயதில் நம்பலாம். ஜெனிட்டாவுக்கு இருபத்தொன்பது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.