ராஜாவின் விரதமும் பெரிய அண்டாவும்

"கடமுடா... கர்ர்ர்..."

சத்தம்தான் முதலில் வந்தது. அரசவையில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். முன்னொரு காலத்தில் தும்பைக்காட்டை ஆண்டுவந்த குவலயத்தேவ ராஜாவுக்குக் கட்டியக்காரனே தேவையில்லை. வயிறு முன்னால் முழங்கிக்கொண்டு வரும். பின்னால் பல்லக்கில் ராஜா வருவார்.

ராஜா உடம்பு இளைக்க விரதம் பிடித்திருந்தார். வேளைக்கு ஒரு கிண்ணம் நீர்க்கஞ்சி, அவ்வளவுதான். ஆனாலும் கோயில் தராசில் துலாபாரத்துக்கு உட்கார்ந்தால், மாதாமாதம் எதிர்த்தட்டில் வெல்லம் கூடிக்கொண்டே போனது.

சபை நடுவே தலைமைச் சமையல்காரி செங்கமலம் கைகட்டி நின்றாள்.

"பிரபு, எல்லாம் இவளால்தான்!" என்றார் தாண்டவராயர். மந்திரி பதவி கைநழுவிப்போன நாளிலிருந்து அவருக்கு மந்திரி பூதங்குடியாரைக் கண்டால் ஆகாது. செங்கமலமோ மந்திரி கொண்டுவந்து வைத்த ஆள்.

"கஞ்சியில் நெய் கலந்தாளா?" என்றார் ராஜா.

"நெய்யா? சோற்றையே காணோம், பிரபு! சாப்பாடு ரொம்பக் குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு மிரண்டு கொழுப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அப்புறம் எங்கே இளைப்பது?"

"சாமி, நீங்க சொன்ன அளவுதானே ஊத்தினேன்?" என்றாள் செங்கமலம். அந்த அடுப்பை நம்பித்தான் அவள் வீட்டில் உலை ஏறியது.

பசியில் ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைச் சாயங்காலத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால், நீ நாட்டைவிட்டே போ!"

பூதங்குடியார் மெல்ல எழுந்தார். "தாண்டவராயர் சொல்வது சரியானால், போன பஞ்சத்தில் நம் ஜனங்கள் பூசணிக்காய் மாதிரி உருண்டிருக்க வேண்டுமே, பிரபு! போகட்டும். நாளைக்குத் தங்கள் வாய்க்குள் எது போனாலும், அதே அளவு ஒரு அண்டாவிலும் விழட்டும். பசித்தவர்களுக்குத் தானம் செய்துவிடலாம்."

"அண்டா எதற்கய்யா? கிண்ணம் போதுமே!" என்று ராஜா சிரித்தார்.

மறுநாள் செங்கமலமும் ஒரு காவலனும் அண்டாவோடு பின்னாலேயே நடந்தார்கள். காலையில் கஞ்சி. கோயிலில் நின்றபடி ஒரு கை சர்க்கரைப் பொங்கல்; பிரசாதமாயிற்றே. மனு கொடுக்க வந்தவர்கள் நீட்டிய அதிரசம். மறுத்தால் மனசு நோகும். களஞ்சியத்தைப் பார்வையிடப் போன இடத்தில் வேர்க்கடலையும் வெல்லமும். விருந்தாளிகளுக்குச் சுட்ட முறுக்கில் உப்பு பார்க்கப்போய், அது ஒரு தட்டு.

செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தும்பைக்காட்டில் மணையில் உட்கார்ந்து இலை போட்டுத் தின்றால்தான் சாப்பாடு. நின்றுகொண்டு தின்றதை யாரும் கணக்கில் சேர்த்ததே இல்லை. நாளெல்லாம் ருசி பார்க்கும் அவளே, 'இன்னும் பல்லில் பச்சைத்தண்ணி படவில்லை' என்றுதான் சொல்வாள்!

சாயங்காலம் அண்டாவை இரண்டு பேர் தள்ளாடித் தூக்கிவந்து சபையில் இறக்கினார்கள்.

ராஜா மூக்கில் விரலை வைத்தார். "யாருக்கு இது? பட்டத்து யானைக்கா?"

"இதுதான் தங்கள் விரதம், பிரபு" என்றார் பூதங்குடியார்.

"நான் நின்றுகொண்டுதானே..." ராஜா இழுத்தார்.

"தாங்கள் நின்றது வயிற்றுக்கு எப்படித் தெரியும்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆனாலும் சாப்பாடு குறைந்தது தப்புத்தானே?" தாண்டவராயர் விடவில்லை.

"தப்புத்தான்" என்றார் மந்திரி. "ஆனால் உடம்பு எதையும் பூட்டவில்லை, ஐயா. ஒரு கிண்ணக் கஞ்சியில் பசி அடங்காமல் கை தானாக அதிரசத்துக்குப் போகிறது. தெம்பில்லாமல் நாலு எட்டு வைக்கவும் பல்லக்கு கேட்கிறது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "நாளையிலிருந்து எனக்கு இலை போட்டு அளவான சாப்பாடு. பல்லக்கு வேண்டாம், நடக்கிறேன். தாண்டவராயரே, அண்டாவைச் சுமந்துபோய்த் தெருவில் தானம் செய்யும். ஒரு அதிரசம்கூட உம் வாய்க்குள் போகக்கூடாது. நின்றுகொண்டும்தான்!"

சபை சிரிப்பில் அதிர்ந்தது.

"செங்கமலம், உன்னை வீணாகப் பழித்துவிட்டேன். அடுப்பு கடைசிவரை உன்னுடையது. வேறென்ன வேண்டும்?"

"விடை கொடுங்க சாமி, வேலை கிடக்கு" என்றாள்.

மடைப்பள்ளிக்குத் திரும்பியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முறத்தில் அரிசியைப் பரப்பி, கல் பொறுக்க உட்கார்ந்தாள்.