இரண்டு பெட்டியும் ஒரு துண்டும்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், வேலூர்க் கோட்டை அகழியில் இருக்கிற மீனெல்லாம் நிழல் தேடிக் கரையேறி வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். நம்பாதவர்கள் மே மாதத்தில் வேலூருக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

அப்படி ஒரு புதன்கிழமை காலையில், உஸ்தாத் முனவ்வரின் கார் ஏசி ஷெட்டில் ஏகாம்பரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் நடந்த நடையில் சிமெண்டுத் தரை தேய்ந்துபோய், இன்றைக்கும் மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

ஏகாம்பரத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுளை லாரியில் ஓட்டிவிட்டு, இடுப்பு மக்கர் பண்ணியதும் ஏசி வேலை பழக வந்தவர். உஸ்தாத் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதனால் சிஷ்யன் குருவை உஸ்தாத் என்பார், குரு சிஷ்யனை அண்ணே என்பார். திட்டும்போதும் அண்ணேதான்.

நடைக்குக் காரணம், ஷெட்டின் நடுவில் நின்ற வெள்ளைக் கார். மாப்பிள்ளையுடையது. மகள் கௌசல்யாவுக்குப் பிள்ளை பிறந்து இது ஐந்தாம் மாதம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் சேலத்தில் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்தக் காரில்தான். இந்த வெயிலில்தான்.

ஏசி நின்றுபோனதும் கம்பெனி ஷோரூமில் விடுவதாகத்தான் மாப்பிள்ளை சொன்னார். நான் எதற்கு இருக்கிறேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு சாவியை வாங்கி வந்தவர் ஏகாம்பரம்.

பார்த்தால், கம்ப்ரஸர் இறுகிக் கிடந்தது. வெளி மார்க்கெட்டில் ஒரு கம்ப்ரஸர் வாங்கி, காலை டீக்கும் பதினோரு மணி டீக்கும் நடுவே மாட்டி முடித்துவிட்டார். பைப்பையெல்லாம் கழுவினீர்களா என்று உஸ்தாத் கேட்டார். புதுசுதானே போடுகிறோம், கழுவ என்ன இருக்கிறது என்றார் ஏகாம்பரம். உஸ்தாத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி வீட்டு விவகாரத்தில் அவர் தலையிடுவதில்லை.

வாரம் முடிவதற்குள் அந்தக் கம்ப்ரஸர் நறநறவென்று பல்லைக் கடித்து நின்றது. சேலத்திலிருந்து சம்பந்தி கோதண்டம் போன் போட்டார். கண்ட சாமானையும் போட்டால் இப்படித்தான் ஆகும், எங்கள் வீட்டு நாய்க்குக்கூட ஒரிஜினல் சங்கிலிதான் என்றார்.

அன்றைக்கே ஏகாம்பரம் கம்பெனிப் பெட்டியைப் பிரித்து ஒரிஜினலை மாட்டினார். இந்தத் தடவை பதினோரு மணி டீ வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. உஸ்தாத் மறுபடியும் கழுவச் சொன்னது, பக்கத்து வண்டியின் பெல்ட் சத்தத்தில் காதில் விழவில்லையாம். இரண்டே நாளில் ஒரிஜினலும் அதே பல்லைக் கடித்தது.

இப்போது அதையும் கழற்றிப் போட்டாகிவிட்டது. மேஜை மேல் இரண்டு புதுப் பெட்டிகள், சீல் பிரிக்காதவை. ஒன்று கம்பெனி. அதன் மேல் ஸ்டிக்கர் மயில் கழுத்துப் போல மின்னியது. மற்றது வெளி மார்க்கெட். வேண்டாததைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று இரண்டு கடையிலும் பிள்ளை மேல் சத்தியம் பண்ணி எடுத்து வந்திருந்தார்.

"எதைப் போடறது உஸ்தாத்?"

உஸ்தாத் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். ஒரு விதையைத் துப்பினார். அது பறந்துபோய்த் தெருவின் எதிர்ப்பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல. சம்பந்தி மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லச் சொல்லிட்டாரு. இல்லன்னா அவுங்க ஊர் டாக்ஸி வருமாம். என் பேரன் என் வீட்டு வாசல்ல இருந்து வாடகை வண்டியில போறதா?"

உஸ்தாத் எழுந்து வந்தார். மேஜையிலிருந்து கம்பெனிப் பெட்டியை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். தர்பூசணித் தட்டை மற்றப் பெட்டியின் மேல் வைத்தார்.

"உஸ்தாத், அது ஒரிஜினல்."

"அதான் சொகமா இருக்கு."

ஏகாம்பரம் நடந்துகொண்டே கம்பெனிக்காக வாதாடினார். இந்தக் காருக்கென்றே செய்த சாமான், அளவு மயிரிழை பிசகாது, சம்பந்தி வாயும் அடைபடும். ஷெட்டின் கோடி வரை போய்த் திரும்பியவர், வரும்போது வெளி மார்க்கெட்டுக்காக வாதாடினார். காட்பாடி ஸ்டாண்டு டாக்ஸி அத்தனையும் வெளிச் சாமானில்தான் ஓடுகிறது, ஒருத்தனாவது வியர்த்துப் பார்த்திருக்கிறோமா? அடுத்த நடையில் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். ஒரிஜினலும் காலை வாரியது, வெளியும் காலை வாரியது, யாரைத்தான் நம்புவது?

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க உஸ்தாத். கம்பெனியா, வெளியா?"

உஸ்தாத் அவர் தோளைப் பார்த்தார்.

"துண்டு புதுசாண்ணே?"

"சம்பந்தி எடுத்துக் குடுத்தது. சீமந்தத்துக்கு."

"குடுங்க."

ஜரிகைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. உஸ்தாத் அதை வாங்கி, காரின் முன்னால் கழற்றிவிட்டிருந்த ஏசி பைப்பின் ஒரு வாயில் இறுக்கிக் கட்டினார். இன்னொரு வாயில் காற்றுக் குழாயைச் செருகி, ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்.

"அழுத்துங்க."

ஏகாம்பரம் அழுத்தினார். பைப்புக்குள் கிழட்டுப் பூனை இருமுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. துண்டு புஸ்ஸென்று உப்பியது. அப்புறம் கறுத்தது.

உஸ்தாத் துண்டை அவிழ்த்து, தட்டை நகர்த்திவிட்டுப் பெட்டியின் மேல் விரித்தார். மை மாதிரி எண்ணெய். அதற்குள் வெள்ளி வெள்ளியாகத் தூள். கம்பெனி ஸ்டிக்கரைவிட நன்றாக மின்னியது.

"என்னாண்ணே இது?"

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். நறநறவென்றது.

"கம்ப்ரஸர் தேஞ்ச தூள்."

"எந்தக் கம்ப்ரஸர்?"

"மொதல்ல வண்டியோட வந்தது." குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் நான் போட்டது ரெண்டும். பைப்புல கெடந்த தூளே புதுசையும் அரைச்சிருக்கு."

சட்டைப் பையில் போன் அடித்தது. சேலம். ஏகாம்பரத்தின் கால்கள் மறுபடியும் துடிக்க ஆரம்பித்தன.

"சம்பந்திதான். அவருக்கு என்னான்னு சொல்லட்டும் உஸ்தாத்? கம்பெனியா, வெளியா?"

உஸ்தாத் துண்டை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"இதுல கம்பெனித் தூளைத் தனியா, வெளித் தூளைத் தனியா பிரிச்சு வையுங்கண்ணே. அப்புறம் சொல்றேன்."

போன் அடித்து ஓய்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக ஏகாம்பரம் ஒரே இடத்தில் நின்றார். பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரின் முன்னால் உட்கார்ந்து, அடுத்த பைப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.