காலி ஜாடி

கொதிக்கும் குடுவைக்குள் கொதி சீராக இருக்கப் போட்ட பீங்கான் துண்டுகள் கடகடவென்று குதித்த சத்தம் செண்பகவடிவின் காதில் வெகுகாலம் இருந்தது. பி.எஸ்ஸி. கடைசிச் செய்முறைத் தேர்வு அது. தவறினால் படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

வெளியூர்த் தேர்வாளர் சகஸ்ரநாமம் நாற்காலியை விட்டு அசையாதவர்.

"டெர்ஷரி பியூட்டைல் புரோமைடைக் காரத்தோடு கொதிக்க வை. புரோமின் எழுந்து போகும், அந்த இடத்தில் ஹைட்ராக்சில் உட்காரும். அந்த ஆல்கஹாலைக் காட்டணும். இல்லேன்னா பூஜ்யம்."

"அங்கே உட்கார இடமிருக்காதே சார். சுத்தி மூணு மெத்தில் தொகுதி நெருக்கிட்டு நிக்குது. இந்தச் சூட்டுல காரம் ஓரத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிடும், புரோமினும் ஓடிடும். மிஞ்சறது வாயுதான்."

"எனக்கே பாடமா?"

அவள் இரண்டையும் குடுவையில் ஊற்றிக் கொதிக்க வைத்தாள். குழாய் வழியே வந்த வாயுவைத் தண்ணீரில் கவிழ்த்த ஜாடியில் பிடித்து, மூடி, அவர் மேசையில் வைத்தாள்.

சகஸ்ரநாமம் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணுமே இல்லையே! காலி ஜாடி!"

"அப்படியே எழுதிடுங்க சார்." அவள் தீப்பெட்டியை எடுத்தாள். "அதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து ஒரு குச்சி கிழிக்கிறேன். காலி ஜாடிதானே?"

குச்சி உரசுமுன் நாற்காலி சுவர்வரை போயிருந்தது. அது பற்றிக்கொள்ளும் வாயு என்பது அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

"வை! கீழே வை அதை!"

தேர்வுக்கு வந்திருந்த மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சகஸ்ரநாமம் தலை நிமிராமல் மதிப்பெண் போட்டார். செண்பகவடிவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த ஜூலையில் அவள் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தாள்.