தலைவரின் கொண்டையும் காற்றுத் தடுப்பும்

காற்றாலைகள் கனவில் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றும் ஆரல்வாய்மொழியில், பைக்குக்குக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மாட்டுகிறவள் இசக்கியம்மை. ஒரு மஞ்சள் வெயில் மாலையில் பைக் சங்கத் தலைவர் திரவியம் தன் படையோடு வந்து இறங்கினார். அவர் ஹெல்மெட்டின் உச்சியில் சேவலுக்கு இருப்பதுபோல் ஒரு ரப்பர் கொண்டை. தலைவருக்கு அதுதான் அடையாளம்.

"கணவாயில போனாலும் காதுல காத்து இரையக் கூடாது. முடியலேன்னா எங்க சங்கத்துல ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான்."

மாட்டினாள். ஓட்டிப் பார்த்தவர், "இரையுது" என்று கண்ணாடியின் வெளிப்பக்கம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். அடுத்து உயரமானது, அப்புறம் அகலமானது. எல்லாவற்றுக்கும் அதே குறிதான்.

இசக்கியம்மை அந்தக் கொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைசியா ஒண்ணு மாட்டித் தாறேன் சார். உங்க ஹெல்மெட்ட அளவுக்கு வச்சுட்டு, என் மொட்டை ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போங்க."

போனவர் மேகத்தில் மிதந்தவர்போல் திரும்பி வந்தார். "தூக்கமே வந்துட்டும்மா! இத ஏன் முதல்லயே மாட்டல?"

"முதல்ல மாட்டினதே இதத்தான் சார். முன்னாடி வந்து பாருங்க, நீங்க போட்ட குறி அப்படியே இருக்கு."

சொல்லிவிட்டு அவர் ஹெல்மெட்டைக் காற்றில் உயர்த்திப் பிடித்தாள். கொண்டை 'ஊ'வென்று இரைந்தது. படை முழுக்க அதைக் கேட்டது.