யார் எடுத்த முடி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. ஆற்றங்கரையில் இருந்த அந்த வைத்திய மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சிஷ்யையின் காலில்தான் முதலில் விழுவார்கள். தெய்வாத்தாள் பதறிப்போய், "நானில்லீங்க, அவங்க" என்று உள்ளே கை காட்டுவாள்.

உள்ளே இருப்பவர் வைத்தியர் மரகதம் அம்மாள். அதிகம் பேசமாட்டார். தன்னைவிட மூத்த சிஷ்யையை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

தெய்வாத்தாளுக்கு ஊரில் சடைக்காரி என்று பெயர். முழங்காலைத் தொடும் சடை. பங்குனி உத்திரத்துக்கு ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு பெண்கள் முருகன் மலைக்கு நடக்கும்போது, முன்னால் பாடிக்கொண்டு போகிறவள் அவள்தான். பாட்டு காதில் விழாத தூரத்தில் இருப்பவர்கள் அவள் சடையைப் பார்த்து நடப்பார்கள்.

ஐப்பசியில் அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டாள் என்று மகன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டான். கண் செருகிக் கிடந்த நேரத்தில் அவள் மனதுக்குள் ஒரு வார்த்தை கொடுத்தாள். பொழச்சா முழு மொட்டை போடறேன், முருகா.

பிழைத்துக்கொண்டாள். கார்த்திகையில், மழை விடட்டும் என்றாள். மார்கழியில், பனி போகட்டும் என்றாள். தையில் சீப்பை எடுத்துச் சீவினாள். சீப்போடு ஒரு கொத்து வந்தது. மறுநாள் கை நிறைய வந்தது. மாதம் முடிவதற்குள் சடை எலிவாலாகிவிட்டது.

நான் கொடுக்கலீன்னு சாமியே எடுத்துக்கிட்டாரு என்று அவள் முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒரு சவுரி வாங்கி வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டாள். இந்த வருஷம் மலைக்குப் போவதில்லை, சாமி முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தீர்மானித்தாள்.

சவுரியை அலசிக் கொடியில் போட்ட அன்று பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"ஏ சடைக்காரி, உன்ற சடை இங்க காயுது. நீ எங்க போயிட்ட?"

தெய்வாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மடத்தில் அவளுடைய வேலை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் என்ன நோவு என்று கேட்டு உள்ளே அனுப்புவது. முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களிடம் மட்டும் இப்போது இன்னொரு கேள்வியும் கேட்டாள்.

"வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?"

கைக்குழந்தையோடு வந்த பெண், "ஆமாங்க, இவனுக்குக் குலதெய்வத்துக்குக் காது குத்தோணும்" என்றாள். நெற்றியோரம் முடி ஏறிப்போன கல்லூரிப் பெண், பிள்ளையாருக்கு நூற்றெட்டுச் சுற்று என்றாள். தாடியில் காசளவுக்கு வட்டமாக வழுக்கை விழுந்திருந்த லாரி டிரைவர், "கருப்பனுக்கு ஒரு கெடா இருக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அன்று சாயங்காலம் தெய்வாத்தாள் குருவின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, முடி கொட்டற அத்தனை பேருக்கும் வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க. ஒருத்தர் தப்பலீங்க. சாமி எடுக்கறத மருந்து நிறுத்துங்களா?"

மரகதம் அம்மாள் சலித்துக்கொண்டிருந்த சூரணத்தைச் சலித்து முடித்தார்.

"நாளைக்குச் சந்தைதானே?"

"ஆமாங்க."

"முடி நல்லா அடர்த்தியா இருக்கறவங்களாப் பாத்து இதே கேள்வியக் கேட்டுட்டு வாங்கக்கா."

மறுநாள் தெய்வாத்தாள் சந்தைக்குப் போனாள். கூடை கவிழ்த்த மாதிரிக் கொண்டை போட்டிருந்த பூக்காரியிடம் கேட்டாள். "மூணு இருக்குதுங்க. எதுக்குக் கேக்கறீங்க, கோயில் ஆளுங்களா?" என்றாள் பூக்காரி.

வெங்காயம் விற்கிறவனுக்குச் சுருட்டைத் தலை. "சேவல் ஒண்ணு பாக்கி. வாங்கிக் கட்டி வெச்சேன், மச்சான் வந்துட்டான். கொழம்பாயிருச்சு."

முடியைக் கோதிக்கொண்டு நின்ற ஒரு பையன், பாஸானால் அலகு குத்துவதாக வேண்டியிருந்தானாம். பாஸாகிவிட்டான். "இன்னொரு பரிட்சை இருக்குதுங்க. ரெண்டையும் சேத்துக் குத்திக்கலாம்னு இருக்கேன்."

கடைசியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சம்பூர்ணமே அகப்பட்டாள். அவளுக்கு எண்ணெய் வழிகிற கருகருவென்ற முடி.

"உனக்கு மட்டுந்தான் சாமி கடன் குடுக்குமா? எனக்குக் கெடக்குது ஒம்பது" என்றாள் அவள். "அதுல ரெண்டு எந்தச் சாமிக்குன்னே மறந்து போச்சு."

தெய்வாத்தாள் திரும்பி வந்தாள்.

"எத்தனை பேருக்குப் பாக்கி?" என்று கேட்டார் குரு.

"கேட்ட எல்லாத்துக்கும்ங்க."

"முடி?"

"மூங்கத் தோப்பாட்டம் இருக்குதுங்க."

குரு தலையசைத்துவிட்டுச் சூரணத்தைப் பொட்டலம் கட்டினார். தெய்வாத்தாள் நகரவில்லை.

"அப்ப அந்தக் கைக்கொழந்தக்காரிக்கு எதனாலங்க கொட்டுது?"

"பிள்ளை பெத்து நாலு மாசம். பெத்தவங்க நெறையப் பேருக்கு அப்படிக் கொட்டித் திரும்பி வரும். ஆனா அவங்க கண் இமைய இழுத்துப் பாத்தேன், வெளுத்துக் கெடந்துச்சு. ரத்தம் சோதிக்க அனுப்பியிருக்கேன்."

"காலேஜுப் பொண்ணு?"

"இறுக்கி இழுத்துக் கட்டற பழக்கம். வேர் எத்தனை நாள் தாங்கும்? தளத்திப் பின்னச் சொன்னேன். மருந்து கேட்டா. இதுதான் மருந்துன்னேன். நம்பலை."

"லாரிக்காரருக்குப் புழுவெட்டுங்களா?"

"பேருதான் புழுவெட்டு. அதுல புழுவும் இல்ல, கருப்பனும் இல்ல. உடம்பு தன்னோட முடியையே அந்நியம்னு நெனச்சு வெரட்டுது. தோல் டாக்டர்கிட்டப் போகச் சொன்னேன்." குரு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, உங்களுக்கு ஐப்பசியில என்ன ஆச்சு?"

"காய்ச்சலுங்க."

"தையில?"

தெய்வாத்தாளின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"அவுத்துருங்க. இங்க நாம ரெண்டு பேருந்தான்."

சவுரி மடியில் விழுந்தது. தெய்வாத்தாள் தலையைக் குனிந்தபடி வேண்டுதலைச் சொன்னாள். மழையைச் சொன்னாள், பனியைச் சொன்னாள்.

"பெருங்காய்ச்சல் வந்தா முடி வேரெல்லாம் ஓய்வுக்குப் போயிரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா உதிரும். நீங்க வேண்டியிருந்தாலும் உதிரும், வேண்டாட்டியும் உதிரும்."

"மறுக்கா வருங்களா?"

"கையக் குடுங்க."

குரு அவள் உள்ளங்கையை எடுத்து அவளுடைய நெற்றிக்கு மேலே வைத்துப் பின்னோக்கி இழுத்தார். கை முழுக்கக் குறுகுறுத்தது.

"என்னுங்க இது? அறுத்த கம்பங்காட்டுல கைய வெச்சாப்பல?"

"அறுத்தது இல்லக்கா. மொளைக்கறது."

தெய்வாத்தாள் கையை எடுக்கவேயில்லை. வெகுநேரம் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைத் தடவிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. பருப்பும் கீரையும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். பங்குனி பிறந்தபோது புதுமுடி விரற்கடை அளவு வந்திருந்தது. குடத்தைத் துலக்கி எடுத்து வைத்தாள். இந்தத் தடவை குருவும் கூட நடந்தார்.

மலையடிவாரத்தில் முடி எடுக்கும் கொட்டகை. தெய்வாத்தாள் போய் உட்கார்ந்து சவுரியைக் கழற்றி வைத்தாள். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த கை நின்றது.

"ஏனுங்கம்மா, பூமுடி போதுமில்லீங்க? அடியில எல்லாம் புதுசாக் கெளம்பியிருக்குது. பச்சப் பயிரு. வழிச்சா மொதல்லருந்து வரோணும்."

பூமுடி என்றால் பெண்கள் மொட்டைக்குப் பதிலாக ஒரு கொத்து மட்டும் நறுக்கிக் கொடுப்பது. தெய்வாத்தாள் கொட்டகைக் காலில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் குடுக்காட்டி ஏதாச்சும் ஆகுங்களா?"

"ஒண்ணும் ஆகாது."

"குடுத்தா அடர்த்தியா வளருமுன்னு சம்பூர்ணம் சொல்றா."

"அதும் இல்ல. கத்தி வெளிய இருக்குது, வேர் உள்ள இருக்குது."

"அப்பப் பயந்துக்கிட்டுக் குடுக்க வேண்டாம். ஆதாயத்துக்கும் குடுக்க வேண்டாம்."

"ஆமா."

"பின்ன எதுக்குங்க குடுக்கறது?"

"என்னைக் கேட்டா? பொழச்சது நீங்க."

கொட்டகையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு குழந்தை மொட்டைக்கு அழுதது. தெய்வாத்தாள் உள்ளங்கையால் ஒரு தடவை தலையைத் தடவினாள், அந்தக் குறுகுறுப்பு முழுவதையும். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முழுசா எடுங்க" என்றாள் நாவிதரிடம்.

எலிவாலும் பச்சைப் பயிரும் சேர்ந்து விழுந்தன. குளித்து, தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு, குடத்தைத் தோளில் ஏற்றி அவள் முன்னால் போய் நின்றபோது பெண்கள் ஒரு கணம் யாரென்று பார்த்தார்கள்.

அவள் பாட ஆரம்பித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பாடவே இல்லை. தொண்டை முதல் அடியில் கரகரத்தது, இரண்டாம் அடியில் திறந்துகொண்டது. படி ஏற ஏறக் குரலும் ஏறியது. பின்னாலிருந்த பெண்கள் பாட்டை எடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த வேறு ஊர்க்காரர்களும் எடுத்தார்கள். பாதி மலையில், முன்னால் போன காவடிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவளுடைய தாளத்துக்கு ஆடினார்கள்.

"அடியே, சடை இருந்தப்பக் கூட்டத்துல தேடோணும்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் சம்பூர்ணம். "இப்ப அடிவாரத்துல இருந்தே மின்னுது."

"வேணுமுன்னா நீயும் போட்டுக்க" என்றாள் தெய்வாத்தாள். "உனக்குத்தான் ஒம்பது கெடக்குதே."

பெண்கள் சிரித்ததில் இரண்டு குடங்கள் தளும்பின.

தண்ணீர் சாமிக்குச் சேர்ந்தது. தெய்வாத்தாள் சன்னதியில் நேருக்கு நேர் நின்றாள். மணி அடித்து, பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

இறங்கும்போது உச்சி வெயில். பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். குருவும் சிஷ்யையும் பின்தங்கி இறங்கினார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் பூமுடி மட்டும் குடுத்துட்டு எந்திரிச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"படி சுடுது, ஓரமா நெழல்ல எறங்குங்கக்கான்னு சொல்லியிருப்பேன்."

தெய்வாத்தாள் நின்றுவிட்டாள்.

"இப்ப?"

"இப்பவும் அதேதான்" என்றார் குரு. "தலைக்கு மட்டும் ஒரு துண்டப் போட்டுக்கங்க."